சும்மா இருக்கிற கால்

எங்கள் வீட்டில் நான் ஒற்றைக்காலில் நின்று சாதித்த காரியங்கள் கொஞ்சநஞ்சமல்ல. கல்யாணமான புதிதில் தையல் வேலைக்குப் போயே தீருவேன் என்று நின்றேன். பிறகு சொந்தமாகப் பவர் டேபிள் போடுவோம் என்று நின்றேன். வெட்டிய பனியன் துணியைக் கொடுத்தால் தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட்டுக்குத் திருப்பூரில் அதுதான் பேர். நாற்பது தாண்டிய பிறகு ஸ்கூட்டர் பழகுவேன் என்று நின்றேன். அத்தனையும் நடந்தது. சொந்தபந்தம் கூடுகிற இடத்திலெல்லாம் என் வீட்டுக்காரர், அம்மணி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் ஒற்றைக்கால்தான் என்று பாதிப் பெருமையும் பாதிப் புலம்பலுமாகச் சொல்வார்.

அதனால்தான் அவர் என் ஸ்கூட்டர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஒத்தக் கால்ல நின்னு காட்டு, தர்றேன்" என்றபோது கேலி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நிஜக் காலைத்தான் சொல்லியிருக்கிறார். மாவுக்கட்டுப் பிரித்த என் இடது காலை.

இது என்ன பெரிய வித்தை என்று வலது காலைத் தூக்கினேன். தூக்கிய வேகத்தில் போய் ஃப்ரிட்ஜைக் கட்டிப்பிடித்தேன். மறுபடி தூக்கினேன், மறுபடியும் ஃப்ரிட்ஜ்தான். அவர் சாவி இருந்த பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆத்திரத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

நான் விழுந்ததே ஒரு கூத்து. நல்லூர் பஸ் ஸ்டாப்பைத் தாண்டியதும் ஒரு திருப்பம் வரும். அன்றைக்கு வண்டியில் கால் வைக்கிற இடத்தில் வெட்டிய துணி மூட்டை ஒன்றைத் திணித்திருந்தேன். எதிரே தண்ணீர் லாரி, அதற்கு வழி விட்டு ஒரு பஸ் நின்றது. மெதுவாகத்தான் திரும்பினேன். பிரேக்கைப் பிடித்து இரண்டு காலையும் ஒன்றாகத் தரையில் ஊன்றினேன். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. விட்டிருந்தால் வண்டி மட்டும் விழுந்திருக்கும். நான் விடுகிற ஆளா? கை கால் எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டு அதை நிமிர்த்தப் பார்த்தேன். வண்டி, மூட்டை, நான் எல்லோரும் சேர்ந்து சாய்ந்தோம். எல்லாவற்றுக்கும் அடியில் என் கணுக்கால். எதிர் பேக்கரியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் டீ கிளாஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். அந்த வலியிலும் எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

எலும்பு கூடிவிட்டது. டாக்டர் நடக்கலாம் என்றார். ஆனால் இடது கால் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. படி இறங்கும்போது அது ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணத்தில் நான் எதையாவது பிடித்துக்கொள்வேன். இதை அவர் கவனித்துவிட்டார். வண்டி வாசலில் நிற்கும், சாவி அவர் பையில் இருக்கும், நான் அவர் பைக்கின் பின்சீட்டில் இருப்பேன்.

அவர் பைக் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதை ஓட்டுவது என்று சொல்வதே தப்பு, அழைத்துக்கொண்டு நடப்பது என்று சொல்லலாம். வழியில் தெரிந்தவர் ஒருத்தர் விடாமல் தலையாட்டி, சாப்பிட்டாச்சுங்களா என்று கேட்டு, பதில் முழுக்க வரும்வரை காத்திருந்துதான் நகர்வார். ஒருநாள் காய்கறிப் பையோடு நடந்துபோன ஒரு அம்மா எங்களைத் தாண்டிப்போனார். தாண்டும்போது என்னைப் பார்த்து ஒரு பரிதாபப் பார்வை வேறு.

சிரிக்கிற மாதிரிச் சொல்கிறேனே தவிர, அப்போது எனக்கு அழுகைதான் வந்துகொண்டிருந்தது. சின்ன வயதில் அப்பாவின் சைக்கிள், அப்புறம் அண்ணனின் மொபெட், அப்புறம் கம்பெனி வேன், அப்புறம் இவருடைய பைக் என்று ஆயுசு முழுக்க யாராவது என்னைக் கொண்டுபோய் விட்டார்கள், யாராவது திரும்பக் கூட்டி வந்தார்கள். எங்கே, எதற்கு, எவ்வளவு நேரமாகும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் யாரிடமும் சொல்லாமல் எலாஸ்டிக் கடைக்கும் நூல் கடைக்கும் போனேன். ஒன்றுமில்லாமல் சும்மா ஒரு சுற்று சுற்றிவிட்டும் வந்தேன். அது என் வண்டி. அதை இழந்துவிட்டு ஐம்பதாம் வயதில் மறுபடியும், ஏனுங்க, கொஞ்சம் கூட்டிக்கிட்டுப் போறீங்களா என்று நிற்க என்னால் முடியாது.

பிசியோதெரபி பண்ணிய பெண்தான், காலில் பலம் இருக்கிறது, நிதானம்தான் வரவில்லை, ராயபுரம் பக்கம் ஒரு பார்க்கில் காலையில் தாய் சீ என்ற சீனத்துப் பயிற்சி சொல்லித்தருகிறார்கள், போய்ப் பாருங்கள் என்றது. எங்கள் யூனிட்டில் அயர்ன் பண்ணுகிற பீகார்ப் பையன்கள் இதை 'சாய்' என்று கேட்டுக்கொண்டு, மேடம் தினமும் காலையில் ராயபுரம் வரை போய் டீ குடித்துவிட்டு வருகிறார் என்று இன்று வரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

சொல்லித்தந்த டீச்சர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், பனியன் வேலைக்காக அவள் குழந்தையாக இருக்கும்போதே இங்கே வந்துவிட்டார்கள். அவள் படித்து ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்ந்து, ஜிப்பும் பட்டனும் வாங்குகிற வேலையாகச் சீனாவில் பல வருஷம் இருந்திருக்கிறாள். அங்கே குடியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்க். தனியாகப் போரடிக்கிறதே என்று தினமும் போய் அங்கே பயிற்சி செய்கிறவர்களோடு நின்று பழகியதுதான் இந்த வித்தை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விடுவாள், மற்ற நாள் காலையில் வகுப்பு. வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருப்போம். மூட்டு வலி, முதுகு வலி, சர்க்கரை. எல்லோருமே ஏதோ ஒரு விதத்தில் பனியன் ஆட்கள்.

முதல் நாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. கையை மெதுவாக மேலே தூக்கு என்றாள், தூக்கினேன். இன்னும் மெதுவாக என்றாள். ஒரு கையைத் தூக்க இவ்வளவு நேரமென்றால் அதற்குள் நான் நாலு டீ ஷர்ட்டுக்குக் கழுத்து வைத்திருப்பேன். என்னைத் தவிர வேறு யாரும் எரிச்சல்படுகிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். எல்லோர் முகமும் அப்படித்தான் இருந்தது. அதில் ஒரு ஆறுதல்.

இந்த ஊரில் எல்லோருக்கும் ஒன்றரை ஷிப்ட் புத்தி. காலை எட்டரைக்கு ஏறி ராத்திரி எட்டரைக்கு இறங்கினால் ஒன்றரை ஷிப்ட். ஒரு ஷிப்டோடு சாயங்காலமே வீட்டுக்குக் கிளம்புகிறவனை, ஏனுங்க உடம்புக்கு ஆகலீங்களா என்று விசாரிக்கிற ஊர் இது. அப்படிப்பட்ட எங்களிடம் வந்து டீச்சர், எடை முழுவதையும் ஒரு காலில் வையுங்கள், அது நிறைந்த கால், மற்றது காலி என்றாள்.

"காலிக் கால்" என்று அவள் சொன்னதும் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. முழங்கால் போன ஒரு சாயப்பட்டறைக்காரர், என்னுது ஏற்கனவே காலியான கால்தானுங்க என்றார். டீச்சரும் சிரித்துவிட்டு, சரி, அதைச் சும்மா இருக்கிற கால் என்று வைத்துக்கொள்வோம் என்றாள்.

அங்கேதான் வம்பு வந்தது. சும்மா என்பது எங்களுக்குக் கெட்ட வார்த்தை. பையன் சும்மா இருக்கிறான் என்றால் பெண் கொடுக்க மாட்டார்கள். மெஷின் சும்மா நிற்கிறது என்றால் வயிறு எரியும். ஒரு காலைச் சும்மா விடு என்றால் எப்படி விடுவோம்? வாயால் சரி என்றோம். ஆனால் ஒவ்வொருத்தரும் அந்தக் காலுக்கும் ரகசியமாக வேலை கொடுத்துக்கொண்டிருந்தோம்.

டீச்சருக்கு அது தெரிந்துபோயிற்று. மறுநாள் ஒரு பை நிறையக் கட்டிங் வேஸ்ட் கொண்டுவந்தாள். வெட்டியதுபோக மிஞ்சுகிற பனியன் துணித் துண்டுகள்தான். செருப்பைக் கழற்றச் சொல்லி ஆளுக்கு ஒரு துண்டைச் சும்மா இருக்கிற பாதத்தின் அடியில் வைத்தாள். பிறகு ஒவ்வொருத்தராக வந்து குனிந்து துண்டை இழுத்தாள். கால் நிஜமாகவே சும்மா இருந்தால் துணி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வரவில்லை என்றால் திருட்டு வேலை நடக்கிறது என்று அர்த்தம். என் துண்டை இழுத்தாள், வரவில்லை. பலமாக இழுத்தாள். நடுவில் நீண்டு, துளை விழுந்து, கிழிந்து பாதி அவள் கையில் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு காலிலும் நின்றால்தானே உறுதி, ஒரு காலைச் சும்மா விடுவதில் என்ன புத்திசாலித்தனம் என்று கேட்டேன். கேட்ட விதம் கொஞ்சம் காரமாகத்தான் இருந்திருக்கும். அவள் கோபப்படவில்லை.

"ரெண்டு காலும் டூட்டி பாத்துக்கிட்டு இருந்துச்சுன்னா, அவசரத்துக்குக் கூப்பிட்டா எந்தக் கால் அக்கா வரும்?"

நல்லூர் திருப்பத்தில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு நான் நின்றது கண் முன்னால் வந்தது. வண்டி சாய்ந்தபோது நகர்த்த எனக்கு ஒரு கால்கூட மிச்சமிருக்கவில்லை. இரண்டுமே தரையில் மாட்டிக்கொண்டு டூட்டி பார்த்துக்கொண்டிருந்தன. சீனத்தில் அதற்கென்றே ஒரு சொல் இருக்கிறதாம், இரட்டைப் பாரம் என்ற மாதிரி. இந்த வித்தையில் அது பெரிய குற்றம் என்றாள். நாங்கள் அதற்குத்தான் இங்கே அரை ஷிப்ட் கூடப் போட்டுச் சம்பளம் கொடுக்கிறோம்.

யின், யாங் என்ற சொற்களை அவள் சொன்னது இதற்குப் பிறகுதான். நான் ஏதோ பெரிய தத்துவம் வரப்போகிறது, கொட்டாவியை அடக்க வேண்டும் என்று தயாரானேன். அவள் மலையைப் பற்றிப் பேசினாள். பழைய சீனத்தில் யின் என்றால் மலையின் நிழல் பக்கம், யாங் என்றால் வெயில் பக்கம். அவ்வளவுதான். காலையில் நிழலாக இருந்த பக்கத்தில் சாயங்காலம் வெயில் அடிக்கும். இரண்டு மலை இல்லை, ஒரே மலைதான். வெயில் உச்சிக்குப் போய்விட்டால் அப்புறம் இறங்குவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. மூச்சை இழுத்துக்கொண்டே இருக்க முடியுமா? ஒரு கட்டத்தில் விட்டுத்தான் ஆக வேண்டும். கை முன்னால் போக வேண்டுமென்றால் முதலில் கொஞ்சம் பின்னால் வர வேண்டும்.

சாயப்பட்டறைக்காரர் விடவில்லை. ரெண்டுல எது நல்லதுங்க என்று கேட்டார். எங்கள் ஊரில் எதற்கும் ஒரு முதல் தரம், இரண்டாம் தரம் வேண்டும். துணி காயப்போட வெயில் நல்லது, உட்கார்ந்து சோறு தின்ன நிழல் நல்லது என்றாள் டீச்சர். அவர் யோசித்துவிட்டு, அதுஞ் சரிதானுங்க என்றார்.

எனக்கு அது மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. யூனிட்டில் உட்கார்ந்து டீ ஷர்ட்டுக்குக் கழுத்து ரிப் வைக்கும்போது பளிச்சென்று பிடிபட்டது. டீ ஷர்ட்டின் உடம்புத் துணிக்கு ஒரு பக்கம் முழுக்க முகப்பு, மறுபக்கம் முழுக்க முதுகு. அதை வெட்டி வைத்தால் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும். கழுத்துக்கு வைக்கிற ரிப் அப்படியில்லை. ஒரு வரி முகப்பு, பக்கத்து வரி முதுகு என்று மாறி மாறிப் பின்னியிருக்கும். அது சுருளாது. தலை நுழையும்போது விரியும், நுழைந்ததும் தன் அளவுக்குத் திரும்பும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதால்தான் அந்த இழுவை. மறுநாள் இரண்டு துண்டையும் எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் காட்டினேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அவள் ஒன்று சேர்த்தாள். ரிப்பில் முகப்பு என்றைக்கும் முகப்புதான், முதுகு என்றைக்கும் முதுகுதான். மனுஷ உடம்பில் அப்படியில்லை, நிறைந்த கால் காலியாக வேண்டும், காலியான கால் நிறைய வேண்டும், அந்த மாற்றம்தான் நடை. நான் ரிப் துண்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இவ்வளவு புரிந்த பிறகாவது ஒழுங்காக இருந்தேனா? இல்லை. சீக்கிரம் சாவி வேண்டுமே. காலையில் பார்க்கில் செய்தது போதாதென்று அடுப்படியில் செய்தேன், யூனிட்டில் செய்தேன், பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்க்கப் பார்க்க பஸ் ஸ்டாப்பில் செய்தேன். மெதுவாகச் செய்ய வேண்டிய வித்தைக்கு ஓவர்டைம் போட்ட முதல் ஆள் நானாகத்தான் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் கணுக்கால் பன் மாதிரி வீங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் வீக்கத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சாவியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பேன்ட் பைக்கு மாற்றிக்கொண்டார்.

டீச்சர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, பத்து செய்ய முடியுமென்றால் ஏழோடு நிறுத்த வேண்டும், அந்த மிச்ச மூன்றும்தான் மறுநாள் உங்களைத் தூக்கி நிறுத்தும் என்றாள். பத்தும் முடித்தால் வெயில் உச்சிக்குப் போன கதைதான். ஏழோடு நிறுத்துவதா! பத்து சொன்னால் பன்னிரண்டு கொடுத்துத்தான் எனக்குப் பழக்கம். அந்த ஏழு என்னை ஒரு பாடு படுத்திவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை அரிக்கும். நிறுத்திவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வீக்கம் வடிந்தது. ஒருநாள் காலையில் டீச்சர் என் வலது பாதத்தின் அடியில் இருந்த துணியை இழுத்தாள், அது வந்துவிட்டது. சத்தமே இல்லாமல், தண்ணீரில் வருகிற மாதிரி வந்தது. என் எடை முழுவதும் இடது காலில் இருந்தது. உடைந்த கால்தான், ஆனால் தாங்கியது. அவளைப் பார்க்காமலே, துண்டைத் திருப்பிக் கொடு, வேஸ்ட் பண்ணாதே என்று அதட்டினேன்.

இவ்வளவு நாளும் என் வீட்டுக்காரர் என்னை இறக்கிவிட்டுவிட்டு பார்க் ஓரத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். படிக்கிற பாவனைதான். நான் காலைத் தூக்கும்போதெல்லாம் பேப்பர் கீழே இறங்கும். வேவு பார்க்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் கொதிக்கும்.

பிறகு இரண்டிரண்டு பேராகச் செய்கிற பயிற்சி வந்தது. எதிரெதிராக நின்று மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்ட வைத்துக்கொள்ள வேண்டும். ஒருத்தர் மெல்லத் தள்ளினால் மற்றவர் இடுப்பைத் திருப்பி இடம் கொடுக்க வேண்டும், பிறகு அவர் தள்ள வேண்டும். தடுக்கக் கூடாது, சரிந்துவிடவும் கூடாது, தொட்ட கை விலகக் கூடாது. ஒருத்தர் நிறைந்தால் மற்றவர் காலி. அன்றைக்கு ஒரு ஆள் குறைந்தது. டீச்சர் நேராகப் போய், அண்ணாச்சி, பேப்பரை மடக்குங்க என்று அவரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்திவிட்டாள்.

எனக்கு உள்ளூரக் குஷி. இத்தனை மாதக் கடுப்பையும் இன்றைக்குத் தீர்த்துக்கொள்ளலாம். தள்ளினேன். அவர் இடம் கொடுக்கவில்லை, கை கட்டை மாதிரி நின்றது. பலமாகத் தள்ளினேன், அப்படியே நின்றார். அவர் முறை வந்தபோது தள்ளவே இல்லை. டீச்சர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். அக்கா ஒண்ணும் கண்ணாடிப் பாத்திரம் இல்ல அண்ணாச்சி, தள்ளுங்க என்றாள். அவர் சிரித்து மழுப்பினார். நான், பாத்தீங்களா, எல்லாம் இவரு பிடியிலயே இருக்கணும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என் மணிக்கட்டில் ஒட்டியிருந்த அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே தெரியாத நடுக்கம். தொட்டால்தான் தெரியும். சாவியைப் பிடித்து வைத்திருக்கிற அதிகாரக் கை என்று நான் நினைத்திருந்த கை அது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். தள்ளுவதையும் நிறுத்திவிட்டு, கையை ஒட்டியபடியே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காத்திருப்பது என் சுபாவத்தில் இல்லாத காரியம். கொஞ்சம் கொஞ்சமாக அவர் கை இளகியது. பிறகு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி, லேசாகத் தள்ளினார். நான் இடுப்பைத் திருப்பினேன். எடை முழுக்க இடது காலுக்குப் போயிற்று, அவர் தள்ளியது என்னைத் தாண்டிக்கொண்டு போய்விட்டது. நான் அசையவில்லை. அவர்தான் தடுமாறி முன்னால் வந்துவிட்டார், நான் பிடித்து நிறுத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் விழுந்த நாளுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் பையில் கை விட்டு சாவியை எடுத்து நீட்டினார். எனக்கு அது பிடிக்கவில்லை. பரீட்சை வைக்காமல் என்ன பாஸ்? நின்னு காட்டச் சொன்னீங்க, பாருங்க என்றேன். பாத்துட்டன் அம்மணி, எடுத்துக்கோ என்றார். பார்த்தால்தான் வாங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன், சாவிக்காக ஒற்றைக்காலில் நிற்க அனுமதி கேட்டு. கடைசியில் அவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், நான் ஃப்ரிட்ஜுக்கு எட்டாத இடமாகப் பார்த்து நின்றேன். போதும் போதும் என்று அவர் கெஞ்சும்வரை நின்றேன். ஏழோடு நிறுத்தவில்லை, அன்றைக்கு மட்டும்.

மறுநாள் பார்க்குக்கு என் வண்டியில்தான் போனோம். அவர் பின்னால் உட்கார்ந்தார். போகும்போது கடைகளெல்லாம் மூடியிருந்தன, ரோடு காலியாக இருந்தது. நல்லூர் திருப்பத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுச் சுற்றுவழியாகப் போனேன். திரும்பி வரும்போது கம்பெனி நேரம். ஷிப்டுக்குப் போகிற பைக்குகளும் வேன்களும் இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு போயின. வண்டி லேசாக ஆடிக்கொண்டே வந்தது. என் கையிலா கோளாறு என்று எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் விஷயம் புரிந்தது. மனிதர் இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வைக்காமல் தரைக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். வண்டி சாய்ந்தால் ஊன்றித் தாங்கிவிட வேண்டுமாம்.

"காலை மேல எடுத்து வெய்யுங்க. ரெண்டு பேரும் ஓட்டுனா வண்டி ஆரு பேச்சக் கேக்கும்?" என்றேன்.

உடனே எடுத்து வைக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு ஒரு கால் மேலே வந்தது, இன்னும் கொஞ்சம் கழித்து மற்றது. ஆட்டம் நின்றுவிட்டது. இந்தத் தடவை நான் சுற்றுவழியில் திருப்பவில்லை. என்றைக்கானாலும் அந்த இடத்தைத் தாண்டித்தானே ஆக வேண்டும். திருப்பத்துக்கு வந்தோம். வழக்கம்போல ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. பிரேக்கைப் பிடித்தேன், வண்டி நின்றது. இடது காலை மட்டும் கீழே வைத்தேன். அது போய் நின்றது, தயங்கவில்லை. வலது கால் வண்டியிலேயே இருந்தது. என் தோளை அவர் இரண்டு கையாலும் இறுக்கியிருந்தார், வலித்தது.

பஸ் நகரக் காத்திருந்தோம். என் முதுகுக்குப் பக்கத்தில், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"நீ ஒருக்காத்தான் அம்மணி உழுந்தே. நானு தெனமும் உழுந்துக்கிட்டு இருந்தேன்."

பிரேக்கிலிருந்து ஒரு கையை எடுத்து, தோளில் இருந்த அவர் விரல்களின் மேல் வைத்தேன். அவை மெல்ல மெல்ல இளகின. அவருடைய பாரம் முழுவதும் என் முதுகில் வந்து சாய்ந்தது. இவ்வளவு கனமா இந்த மனிதர் என்றிருந்தது. பின்னால் ஒரு வேன்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். பஸ் எப்போதோ போயிருந்தது.